கியூப் சொல்லாத உப்பு

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

உங்கள் முன்னால் நின்று அரைமணி நேரம் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள்.

போன மாதம் நான் வந்திருந்தபோது உங்களில் ஒரு பெண் கேட்டாள். "ஆன்ட்டி, கான்கிரீட் செய்யிற கம்பெனில பின்வாசல் நடைபாதை மட்டும் ஏன் இப்படி வெடிச்சுத் துருப்பிடிச்சுக் கெடக்கு? வர்றவங்க பாத்தா சிரிக்க மாட்டாங்களா?" பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லி நான் நழுவிவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. அவளுக்குச் சொல்லவேண்டிய பதில்தான் இது.

தீவையும் கரையையும் இணைக்கிற பாலம் திறந்து சில வருடம் ஆகியிருந்தது. எனக்கு அப்போது நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. ஜெலுத்தோங்கில் இருக்கிற நம் இதே யார்டில் நான் கல் அள்ளுகிற ஆள். தவுக்கேவுக்கு, அதாவது நம் முதலாளிக்கு, ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் பழைய கிடங்கு ஒன்றை உடைக்கிற வேலை கிடைத்தது. கிடங்கையும், அதை ஒட்டிக் கடலுக்குள் நீண்டிருந்த கான்கிரீட் மேடையையும் உடைத்து, கட்டி கட்டியாக லாரியில் கொண்டுவந்து யார்டில் கொட்டினார்கள்.

அப்போதைய எஞ்சினியர் படிப்பு முடித்து வந்து இரண்டு வருடம்கூட ஆகாதவர். தன் பெயரை எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதனால் எழுதவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா அரசாங்க ஆபீசில் கிராணி, அதாவது எழுத்தர். பேச்செல்லாம் எங்களைப் போலத்தான் இருக்கும். பதறினால் மட்டும் வீட்டுப் பேச்சு வந்துவிடும். இந்தக் கட்டிகளைத் தூக்கிப் போடுவானேன், அரைத்துச் சல்லியாக்கி மறுபடி கான்கிரீட்டில் போடலாம் என்று அவர்தான் தவுக்கேவிடம் மன்றாடினார்.

தவுக்கே எங்களிடம் பேசுவது மலாய்தான். நான் தமிழில் எழுதுகிறேன், அவர் வாயில் ஒட்டியிருக்கிற 'லா'வை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

"மலையில நல்ல கல்லு இருக்கும்போது குப்பையை அரைச்சு விக்கச் சொல்றியா?"

"ஒருதரம் பாக்கலாம் தவுக்கே."

"ஒருதரம்தான்லா. கெட்டா உன் பேரு கெடும்."

முதல் மாதம் கெட்டது. பழைய கல்லின்மேல் பழைய சிமெண்ட் ஒட்டியிருக்கும், அது தண்ணீரைக் குடிக்கும். மிக்சரில் போட்ட பத்தாவது நிமிடம் கலவை இறுகிவிடும். மிக்சர் ஓட்டுகிற ஆறுமுகம் அண்ணன் குழாயை உள்ளே விட்டு இளக்குவார். அப்படி இளக்கிய கலவையில் எடுத்த கியூப் ஒன்றும் தேறாது. ஒவ்வொரு கலவையிலும் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் வார்த்து, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் எந்திரத்தில் நசுக்கிப் பார்ப்போமே, அந்தக் கட்டிதான் கியூப்.

"அண்ணே, தண்ணி ஊத்தாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?"

"ஊத்தலன்னா கொட்டவே மாட்டேங்குது சார். நீங்க வந்து தள்ளுங்க, நான் ஊத்தல."

நான் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றிருந்தேன். எனக்கு நானே முணுமுணுக்கிற பழக்கம் உண்டு. "உளுந்தை ஊறப் போடாம ஆட்டினா குடிச்சிக்கிட்டேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன் போல. எஞ்சினியர் திரும்பினார்.

"என்னக்கா சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"இல்ல, உளுந்துன்னு என்னமோ சொன்னீங்க."

மண்வெட்டியைப் பார்த்தபடியே சொன்னேன். கல்லை முன்னாடியே ஊறப் போட்டுவிட்டால், அப்புறம் கலவைத் தண்ணீரில் அது கை வைக்காது இல்லையா என்று. அவர் அன்றைக்கே ஒரு பழைய தொட்டியைக் கழுவச் சொன்னார். ஊறிய கல்லை மறுநாள் எடுத்து, மேலே பளபளப்பு போகும்வரை வடியவிட்டுப் போட்டோம்.

"என்ன பாக்கியம், கல்லுக்கு நீச்சல் கத்துக்குடுக்கிறியா?" என்று ஆறுமுகம் அண்ணன் யார்டு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

கலவை இறுகவில்லை. குழாயும் தேவைப்படவில்லை. அதோடு எஞ்சினியர் புக்கிட் மெர்தாஜாமில் ஓர் அரிசி ஆலையிலிருந்து உமிச் சாம்பல் கொண்டுவந்து, சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து அதைச் சேர்த்தார். சாம்பலும் தாகம் பிடித்ததுதான். அதற்காகக் கலவையை இளக்குகிற ஒரு திரவம் சேர்த்தார், நாங்கள் அதை மருந்து என்போம். கியூப் தேறியது, கேட்ட அளவைத் தாண்டியும் நின்றது. அடுத்த வாரமே என்னை லேபுக்கு மாற்றினார். அச்சு கழுவுவது, எண்ணெய் தடவுவது, கியூப் வார்ப்பது, ஊறல் தொட்டியைப் பார்த்துக்கொள்வது, இவைதான் என் வேலை. எனக்கென்று ஒரு ஸ்டூல் இருந்தது. வெயிலில் இருபது வருடம் நின்றவளுக்கு அந்த ஸ்டூல் என்னவென்று உங்களுக்குப் புரியாது. புரியாமலே இருக்கட்டும்.

முதல் பெரிய வேலையும் வந்தது. புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியின் வாசலில் ஆழமான லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய். பிள்ளைகள் பலகை போட்டுத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அதை மூட உள்ளே கம்பி வைத்த ஸ்லாப்புகள் வேண்டும்.

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

அந்த வருடம் தைக்குப் பிறகு மழையே இல்லை. குழாயில் தண்ணீர் நூல்போல வந்தது. ஊறல் தொட்டியைத் தினமும் காலி செய்து நிரப்ப முடியவில்லை. ஆறுமுகம் அண்ணன் என்னிடம்தான் வந்து கேட்டார், தொட்டி என் பொறுப்பு.

"கொட்டாதீங்க அண்ணே. கல்லுதானே ஊறுது, அழுக்கா என்ன? கொறஞ்சா மேல ஊத்திக்குங்க."

அரிசி கழுவிய தண்ணீரைக்கூடச் செடிக்கு ஊற்றுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். சிக்கனமாகச் சொல்லிவிட்டேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எஞ்சினியரிடம் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

மூன்று வாரம் அதே தண்ணீரில் கல் ஊறியது. அந்த மூன்று வாரத்தில் ஏழாம் நாள் கியூப் எண்கள் தாவி ஏறின. எஞ்சினியர் சுவரில் ஒட்டிய தாளில் கோடு இழுத்துக் காட்டினார். "பாருங்கக்கா, ஏறுது! உங்க ஊறலும் என் சாம்பலும் சேர்ந்து என்ன வேலை செய்யுது!" எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. யாரும் என் வேலையைச் சுவரில் ஒட்டியதில்லை. கல் மாறவில்லை, சாம்பல் மாறவில்லை, மருந்து மாறவில்லை. பிறகு எப்படி ஏறுகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. எண் குறைந்தால் ஆளாளுக்குக் காரணம் தேடுவோம். ஏறினால் யாரும் தேடுவதில்லை, பிள்ளைகளே.

அப்போதுதான் என் அச்சுகள் துருப்பிடிக்க ஆரம்பித்தன. கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைத்துவிட்டுப் போவேன், காலையில் மூலையெல்லாம் பழுப்பு. என் கைதான் சரியில்லை என்று இரண்டு மடங்கு எண்ணெய் தடவினேன். அப்படியும் பழுப்பு. இரண்டு நாள் கழித்துத் தொட்டி விளிம்பில், தண்ணீர் காய்ந்த இடத்தில், வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்தேன்.

எஞ்சினியர் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், தொட்டி ஓரத்துல வெள்ளையா பூத்திருக்கு."

"சுண்ணாம்புக்கா. பழைய சிமெண்ட்ல இருந்து வர்றது. எல்லாக் கான்கிரீட்லயும் பூக்கும்" என்றார் தலை நிமிராமல்.

அது உண்மைதான், பூக்கும். ஆனால் நான் வெற்றிலை போடுகிறவள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வாங்குகிற சுண்ணாம்பு கொஞ்சம் கூடினாலும் நாக்கு வெந்துபோவது எனக்குத் தெரியும். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, விரலால் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கொஞ்சம் சுட்டது. மற்றதெல்லாம் உப்பு. கருவாடு ஊறவைத்த தண்ணீர் மாதிரி உப்பு.

கடலுக்குள் நின்ற மேடை அது. எத்தனை வருடம் உப்பைக் குடித்ததோ. அதை நாங்கள் ஊறப்போட்டு, கக்கவைத்து, அதே தண்ணீரில் அடுத்த கல்லையும் போட்டு, அதற்கும் குடிக்கக் கொடுத்திருக்கிறோம். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று கடலோரத்தில் குடியிருக்கிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே சொல்லும்.

ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. மூன்று நாள் சொல்லவில்லை. நக்கிப் பார்த்தேன் என்று படித்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அது மட்டுமா? தண்ணீரை மாற்ற வேண்டாம் என்றது நான். சொன்னால் ஸ்டூல் போகும், மறுபடி மண்வெட்டி. அவர் பேரும் கெடும். சுண்ணாம்பு என்று அவரே சொல்லிவிட்டார், எனக்கென்ன தெரியும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த மூன்று நாளில் இன்னும் பன்னிரண்டு ஸ்லாப்புகள் வார்த்தார்கள். அந்தப் பன்னிரண்டும் நான் வாய் திறக்காததால் வார்த்தவை.

மூன்றாம் நாள் மாலை ஆறுமுகம் அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, தொட்டித் தண்ணிய வேற எதுக்காவது எடுக்குறீங்களா?"

"கலவைக்கே அதைத்தான் ஊத்துறேன். குழாயில எங்க தண்ணி? நீதான அழுக்கு இல்லன்னு சொன்ன?"

சனிக்கிழமை லாரி பள்ளிக்குப் போகிறது. அன்று வியாழன்.

ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பழைய சட்டியில் ஊற்றி வற்றக் காய்ச்சினேன். அடியில் படிந்ததைச் சுரண்டி ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் போட்டுக்கொண்டேன். என்ன சொல்லவேண்டும் என்று மறுநாள் பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். "சார், அது சுண்ணாம்பு இல்ல." இவ்வளவுதான். மத்தியானம் அவர் தனியாக உட்கார்ந்து பொட்டலச் சோறு சாப்பிடும் நேரம் உள்ளே போனேன். அந்த ஒரு வரியும் வரவில்லை. தட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"குழம்புல உப்பு கம்மின்னு உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு சிட்டிகை எடுத்துச் சோற்றில் தூவிப் பிசைந்து வாயில் போட்டுவிட்டார்.

"ஐயோ சார்! அது தொட்டித் தண்ணி சார்!"

மெல்லுவது நின்றது. "எந்தத் தொட்டி?"

"நம்ம தொட்டி."

ஓடிப்போய்த் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். திட்டப்போகிறார் என்று சுவரோடு சுவராக நின்றேன். அவர் தட்டிலிருந்து ஒரு துகளை எடுத்து, இந்த முறை தெரிந்தே, நாக்கின் நுனியில் வைத்தார்.

"ஓம்… உப்புத்தான்" என்றார். பிறகு, "கம்பி" என்றார். சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று நாள் வாய் மூடியிருந்ததையும் சேர்த்து. அன்று மாலை தெரிந்த வாத்தியார் ஒருவரிடமிருந்து ஏதோ திரவம் வாங்கிவந்து தொட்டித் தண்ணீரில் சொட்டுவிட்டார். பால் திரிந்த மாதிரி ஆனது. உப்பு இருந்தால்தான் அப்படித் திரியுமாம். ஒரு ஸ்லாப்பை உடைத்து, பொடி செய்து, ஊறவைத்து வடித்துச் சொட்டுவிட்டார். அதுவும் திரிந்தது. உப்பு சேர்ந்தால் கான்கிரீட் முதல் சில நாளில் சீக்கிரம் இறுகும் என்று அப்போதுதான் சொன்னார். சுவரில் ஏறிய கோடு அதுதான்.

சனிக்கிழமை காலை, லாரி வருவதற்கு முன்னால் தவுக்கே அறைக்குப் போனோம். நான் கதவோரம் தட்டோடு நின்றேன். அந்த அறைக்குள் நான் அதுவரை ஒரு சொல் பேசியதில்லை.

"கியூப் பாஸா ஃபெயிலா?"

"பாஸ் தவுக்கே."

"கேட்டதைவிடக் கூடவா, கொறச்சலா?"

"கூட."

"அப்புறம் என்னலா பிரச்சனை?"

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல. நாலஞ்சு வருஷத்துல உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சு ஊதும். கான்கிரீட்ட வெடிக்க வைக்கும். மேல பிள்ளைங்க நடப்பாங்க."

"நாலஞ்சு வருஷம்! அத யாரு பாத்தா?" தவுக்கே மேசையில் தட்டினார். "பள்ளிக்கூடத்துல இன்னைக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. சரி, தண்ணிய மாத்தவேணாம்னு சொன்ன முட்டாள் யாரு?"

"பொறுப்பு என்னோடது" என்றார் எஞ்சினியர்.

அவர் பொய் சொல்லவில்லை, பொறுப்பு அவருடையதுதான். ஆனால் கேள்வி அது இல்லை. கதவோரத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தேன்.

"சாயா, தவுக்கே. சாயா யாங் சுரோ" என்றேன். நான்தான், நான்தான் சொன்னேன்.

தவுக்கே என் பக்கம் திரும்பினார். "நீ பேசுவியா?" என்றார். "இத்தன வருஷம் உன்ன ஊமைன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தட்டை அவர் மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. ஜன்னல் வழியே அடுக்கியிருந்த ஸ்லாப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரி வேணாம்னு சொல்லு" என்றார் கடைசியில். "ஆனா நான் இத நம்பலலா. அந்த ஸ்லாப்ப எல்லாம் பின்வாசல்லருந்து என் ரூம் வரைக்கும், கீழ லோங்காங் மாதிரி பள்ளம் வெட்டி மேல போடு. தினம் நான் மிதிக்கிறேன். வெடிக்கலன்னா ரெண்டு பேரும் எனக்குப் பதில் சொல்லணும்."

எஞ்சினியர் அன்றைக்கே பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். கடல் கல்லை வீணாக்கவில்லை. கம்பி இல்லாத வேலைக்கு, சாலையோரக் கட்டைகளுக்கு, அது போதும். பள்ளிக்கு, கடலையே பார்க்காத ஓர் அரிசி ஆலையின் பழைய தரையை உடைத்த கல்லை எடுத்தோம். லாரி யார்டுக்குள் நுழையும் முன்னே கல்லுக்குச் சொட்டுப் போட்டுப் பார்த்தோம். தண்ணீரைத் தினமும் வெளியிலிருந்து டிரம்மில் கொண்டுவந்து, தினமும் மாற்றினோம். இன்றைக்கும் நீங்கள் நிரப்புகிற தாளில் முதல் கேள்வி "இந்தக் கல் எங்கிருந்து வந்தது" என்றுதானே இருக்கிறது? அது அந்த வாரம் எழுதியது.

என் ஸ்டூலை யாரும் எடுக்கவில்லை. எடுப்பார்கள் என்று நானே அதில் உட்காராமல் நின்று வேலை செய்துகொண்டிருந்தேன். எஞ்சினியர் பார்த்துவிட்டு அதை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கக்கா. வெள்ளையா பூத்திருக்குன்னு நீங்க வந்து சொன்னப்ப நான் தலைய நிமிர்த்திப் பாக்கல. நீங்க மூணு நாள் சொல்லாம இருந்தது அதுக்கப்புறம்தான்."

அவ்வளவுதான் சொன்னார். அதன்பிறகு நான் பேசினால், எவ்வளவு மெதுவாகப் பேசினாலும், பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்பார்.

முதல் வருடம் பின்வாசலில் ஒன்றும் ஆகவில்லை. தவுக்கே காலையில் வரும்போது குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்து, "வெடிக்கலையே!" என்று லேப் பக்கம் பார்த்துச் சத்தம் போடுவார். இரண்டாம் வருடமும் அப்படித்தான். ஆறுமுகம் அண்ணன்கூட, "ஏன் பாக்கியம், உன் உப்பு கரைஞ்சிருச்சா?" என்று கிண்டல் செய்தார். தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்த நாட்கள் உண்டு.

ஐந்தாம் வருடம் ஒருநாள் தவுக்கே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அதற்குள் அவர் கைத்தடி ஊன்றத் தொடங்கியிருந்தார். தடி நுனியால் ஓர் இடத்தைக் காட்டினார். ஸ்லாப்பின் மேல் தேநீர்க் கறைபோல ஒரு நீளக் கோடு, உள்ளே கம்பி போகிற வழியிலேயே. பக்கத்து ஸ்லாப்பில் தடியால் தட்டினார். டொக்கென்று பொள்ளல் சத்தம் கேட்டது. இன்னொன்றில் ஓரம் பெயர்ந்து, வீங்கிய கம்பி வெளியே தெரிந்தது.

தவுக்கே அந்தக் கம்பியைத் தடி நுனியால் ஒருதரம் சுரண்டினார்.

"நான் நக்கிப் பாக்கணுமா, நீ சொன்னா போதுமா?" என்றார்.

"போதும் தவுக்கே."

"இத மாத்தாதே. பள்ளத்துல மண்ணப் போட்டு ரொப்பு, யாரும் விழக்கூடாது. ஆனா ஸ்லாப் கெடக்கட்டும். புதுசா வர்றவங்க இத மிதிச்சிட்டு உள்ள வரட்டும்."

அதுதான் அம்மா நீ கேட்ட நடைபாதை.

பள்ளி ஸ்லாப்புகளைப் போன தீபாவளிக்கு முன்னால்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாசலில் நின்றேன், யாரையும் கூப்பிடவில்லை. பள்ளி விட்டதும் பிள்ளைகள் அதன்மேல் குதித்துக்கொண்டே ஓடினார்கள். ஒரு சத்தமும் வித்தியாசமாக இல்லை.

உங்களில் என்னைப் போல ஒருத்தி இருப்பாள். எல்லாவற்றையும் பார்ப்பாள், வாய்தான் வராது. அவளுக்குச் சொல்கிறேன். கஷ்டப்பட்டுப் பேசவேண்டாம். கண்ணில் பட்டதை ஒரு தட்டில் வைத்து, யார் பார்க்கவேண்டுமோ அவர் எதிரே கொண்டுபோய் வை. மூன்று நாள் காத்திருக்காதே. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளி வை.

பாக்கியம்